மாதம் 200 கிராம்: பதிவேட்டில் தெரியாமல் போன ஒரு குழந்தைப் புறக்கணிப்பு

மேற்கு மாவட்டம் ஒன்றில், விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில் குழந்தைநல மருத்துவராக வேலை பார்க்கிறேன். 2023 நவம்பரில் எங்கள் வார்டில் சேர்ந்த ஒரு குழந்தையைப் பற்றிய பதிவு இது. ஊர், பெயர், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று குழந்தையின் அம்மாவிடம் கேட்டபோது, "எழுதுங்க மேடம், ஆனா என்னைய ராட்சசின்னு மட்டும் எழுதிராதீங்க" என்றார். அவர் ராட்சசி இல்லை என்பது எனக்குத் தெரியும். அது தெரியவர எனக்கு நான்கு நாள் ஆயிற்று என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குடும்பம்

அம்மாவுக்கு 26 வயது. தறிப்பட்டறையில் தார் (ஊடை நூல் குழல்) சுற்றும் வேலை. அப்பா போர்வெல் லாரியில் போகிறவர். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் திரும்ப மூன்று நான்கு மாதம் ஆகும். பெரியவள் மூன்றாம் வகுப்பு, 8 வயது. சின்னவன் 2022 மார்ச்சில் பிறந்தவன், பிறப்பு எடை 2.9 கிலோ. லைன் வீட்டில் ஓர் அறை, வெளியே பொதுக் கழிப்பறை. பிரசவச் செலவுக்கும் கணவரின் பழைய கடனுக்குமாகப் பட்டறை முதலாளியிடம் 45,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். பையனுக்கு ஏழு மாதம் ஆனபோது அம்மா வேலைக்குத் திரும்பினார். கிடைத்தது இரவு ஷிப்ட், எட்டு மணி முதல் எட்டு மணி வரை.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. குழந்தை வந்த அன்று எங்களுக்குத் தெரிந்தது காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு மட்டும்தான்.

வந்த நாளில் பார்த்தது

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பக்கத்து வீட்டுப் பாட்டியும் அக்காவும் பையனைக் கொண்டுவந்தார்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பையன் அக்காவின் இடுப்பில் இருந்தான். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று நான் கேட்டது பாட்டியிடம். பதில் வந்தது அக்காவிடமிருந்து. "மூணு நாளா. நேத்து ராத்திரி ரெண்டு தடவ வாந்தி. ஒண்ணுக்கு ஒரு வாட்டிதான் போனான்." எட்டு வயதுப் பிள்ளை ஒரு தாயைப் போலக் கணக்குச் சொன்னது. அந்த நேரத்தில், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் எனக்குத் தோன்றியது. ராத்திரிக் கணக்கு இவளுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

எடை 7.3 கிலோ. 20 மாதப் பையனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணைப்படி இது கடைசிக் கோட்டுக்கும் கீழே. மேல்கை சுற்றளவு 11.2 செ.மீ. 11.5-க்குக் கீழே வந்தால் நாடாவில் சிவப்பு, தீவிர ஊட்டச்சத்துக் குறைவு. நெஞ்சில் நிமோனியா. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6.8.

சட்டையைக் கழற்றி முழுவதுமாகப் பார்த்தோம். தலையின் பின்பக்கம் தட்டையாக இருந்தது, அங்கே முடி உதிர்ந்து வழவழப்பாக ஓர் உள்ளங்கை அகலம். ஒரே இடத்தில் மல்லாந்து மணிக்கணக்காகக் கிடக்கும் குழந்தைக்கு வருவது அது. தொடை மடிப்பில் ஈரத்தில் ஊறிப் புண்ணான தோல். இடது காது மடலின் மேல் விளிம்பில் ஊதா நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

அந்தக் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடை பழகும் பிள்ளை விழும்; நெற்றி, மூக்கு, தாடை, முழங்கால், முன்னங்கால் என்று எலும்பு துருத்தும் இடங்களில் அடிபடும். காது அப்படி அடிபடாது, தோளும் தலையும் அதைக் காக்கும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பின் நடுப்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றிய தழும்பு இருந்து, அதற்குப் பலர் பார்த்த விபத்து எதுவும் காரணமாக இல்லையென்றால், வேண்டுமென்றே ஏற்படுத்திய காயமா என்று கட்டாயம் யோசிக்க வேண்டும். ஐந்து மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு எந்த இடத்தில் கன்றியிருந்தாலும் யோசிக்க வேண்டும். நிறத்தை வைத்து "இது மூன்று நாள் பழசு, அது ஒரு வாரப் பழசு" என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. அதை நம்ப முடியாது. நான் பதிவேட்டில் இடம், அளவு, வடிவம் மட்டும் எழுதினேன், அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம்.

இன்னொன்றும் நடந்தது. கையில் ஊசி ஏற்றும்போது பையன் அழவில்லை. கையை இழுக்கவும் இல்லை. கண்ணை மட்டும் ஒவ்வொருவர் முகமாக நகர்த்திக்கொண்டே இருந்தான். "எவ்ளோ சமத்து பாருங்க" என்றார் செவிலியர். 20 மாதப் பிள்ளை ஊசிக்கு அழாமல் இருந்தால் அது சமத்து அல்ல. அழுது பயனில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா மாலை நான்கு மணிக்கு வந்தார். தலைமுடியில் பஞ்சு. கட்டிலின் கால்மாட்டில் நின்றார், பிள்ளையைத் தொடவில்லை. வார்டில் இருந்த எல்லோருக்கும் அவர்மேல் கோபம் வந்தது. எனக்கும் வந்தது.

ஏற்கெனவே கைக்கு வந்த துண்டுகள்

நிமோனியாவுக்கு மருந்து ஆரம்பித்துவிட்டு அடுத்த இரண்டு நாளில் பழைய தகவல்களைத் தேடினோம். இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் மருத்துவமனை. அந்தக் குழந்தை அதற்கு முன் மூன்று முறை எங்களிடமே வந்திருந்தது. 10 மாதத்தில் வயிற்றுப்போக்கு, 15 மாதத்தில் காய்ச்சல், 18 மாதத்தில் சிரங்கு. மூன்று முறையும் வேறு வேறு மருத்துவர், வேறு வேறு ஓ.பி. சீட்டு. முதல் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. எடை 7.5 கிலோ என்று எழுதியிருக்கிறேன், உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுத்திருக்கிறேன். 10 மாதத்துக்கு 7.5 என்பது எல்லைக் கோட்டுக்கு ஒரு நூலிழை மேலே. அதைத் தனியாகப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி, ஆறு மாதத்தில் 7.1 கிலோ இருந்ததைப் பார்த்திருந்தால், நான்கு மாதத்தில் 400 கிராம்தான் ஏறியிருக்கிறது என்பது தெரிந்திருக்கும். அடுத்த இரண்டு சீட்டுகளிலும் எடையே இல்லை.

அப்புறம் அங்கன்வாடி. அங்கே இருந்த பதிவேடுதான் எங்களை அதிகம் குழப்பியது. மே மாதம் 8.0, ஜூன் 8.2, ஜூலை 8.4, ஆகஸ்ட் 8.6, செப்டம்பர் 8.8, அக்டோபர் 9.0. அக்டோபர் எடை சாதாரண எல்லைக்குள் வருகிறது. நவம்பரில் எங்கள் தராசில் 7.3. நிமோனியாவில் மூன்று நாளில் ஒரு குழந்தைக்கு 1.7 கிலோ குறையாது. எங்கள் தராசில்தான் கோளாறோ என்று உப்பு மூட்டையை வைத்துச் சரிபார்த்தோம். தராசு சரியாகத்தான் இருந்தது. மாதம் தவறாமல் 200 கிராம் ஏறுகிற குழந்தையை நான் பார்த்ததில்லை. உண்மையான எடை சளி பிடித்த மாதம் நிற்கும், மாம்பழக் காலத்தில் குதிக்கும், பல் முளைக்கும்போது தளரும்.

அங்கன்வாடி டீச்சரை நேரில் போய்ப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. இரண்டு மையங்களை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போனா கதவு சாத்தியிருக்கும் மேடம். நைட் ஷிப்ட்டுக்குப் போயிட்டு அந்தம்மா தூங்கும். பெரிய பாப்பா வந்து சத்துமாவு வாங்கிட்டுப் போயிரும். கட்டத்தைக் காலியா விட்டா மேல இருந்து கேப்பாங்க." காலியாக விட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியே குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடும். அவர்மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. என் சீட்டில் எடை இருந்தும் நான் பார்க்கவில்லையே.

மூன்றாவது, பள்ளிக்கூடம். அக்காவின் வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் எடுத்துக் கொடுத்தார். ஜூன் முதல் அக்டோபர் வரை 93 வேலை நாள். அவள் வந்தது 58. ஆசிரியருக்கு அவள் "அடிக்கடி லீவு போடுகிற பிள்ளை", அவ்வளவுதான். வராத 35 நாட்களைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். வெள்ளி 15, வியாழன் 9, மற்ற நாளெல்லாம் சேர்த்து 11. சனிக்கிழமை பட்டறையில் வாரக்கூலி. அதற்கு முந்தைய இரண்டு நாளும் கணக்கை முடிக்க அம்மா பகலிலும் சேர்த்து வேலை பார்ப்பார். அந்த நாட்களில் அக்கா வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையன் எங்களிடம் வந்ததும் வெள்ளிக்கிழமைதான்.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற அம்மா ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். இந்தப் பெண் தட்டில் வாங்கும் உப்புமாவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைத் தண்ணீர் பாட்டிலோடு கொண்டுவரும் ஒரு டப்பாவில் அழுத்தி வைத்துக்கொள்வாள். கேட்டதற்கு, "மத்தியானம் பசிக்கும்" என்றாளாம். மத்தியானம் சத்துணவு இருக்கிறதே என்று சமையல்காரம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அதை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆக, மருத்துவமனை, அங்கன்வாடி, பள்ளிக்கூடம் மூன்றிலும் ஆளுக்கு ஒரு துண்டு இருந்தது. தேதி வாரியாக ஒரே தாளில் எழுதியபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகுதான் எடை ஏறுவது தளர்ந்திருக்கிறது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

யாரிடம் என்ன கேட்டோம்

அக்காவிடம் தனியாகப் பேசினேன், செவிலியர் ஒருவர் கூட இருந்தார். "அம்மா அடிப்பாங்களா?" என்று கேட்கக் கூடாது. ஆமாம் இல்லை என்று தலையாட்டுவதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு அதில் இடமில்லை, நாம் சொல்லிக்கொடுத்ததாகவும் ஆகிவிடும். "ராத்திரி உங்க வீட்ல எப்படி இருக்கும், சொல்லு கண்ணு" என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"அம்மா வெளிய பூட்டிட்டுப் போவாங்க. சாவி பாட்டிகிட்ட இருக்கும். நான் தம்பியத் தூளில போட்டு ஆட்டுவேன். அழுதா டீத்தண்ணில பன்னு நனைச்சுக் குடுப்பேன். கரண்ட்டு போனா அவனும் நானும் ஒண்ணா தூளிக்குள்ள உக்காந்துக்குவோம்."

தலையின் தட்டையும் உதிர்ந்த முடியும் அந்தத் தூளியிலிருந்து வந்தவை. பாலியல் தொந்தரவுக்கான அறிகுறி எதுவும் இருவரிடமும் இல்லை. இருந்திருந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்கு உடனே சொல்வது எங்கள் கட்டாயக் கடமை.

அம்மாவிடம் பேச நான்காம் நாள்வரை காத்திருந்தேன். எதனால் காத்திருந்தேன் என்றால், எனக்குக் கோபம் தணிய வேண்டியிருந்தது. ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவீடு ஒன்று தமிழிலும் உண்டு, மொத்தம் 27 மதிப்பெண், கூடினால் சோர்வு அதிகம். அவர் பெற்றது 18. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருமா என்ற கடைசிக் கேள்விக்குப் "பல நாள்" என்றார். பிறகு கேட்காமலே சொன்னார்: "காதப் புடிச்சுத் திருகுனது நாந்தாங்க மேடம். காலைல வந்து படுப்பேன், அழ ஆரம்பிச்சிருவான். நிறுத்தவே மாட்டான். நான் இன்னும் எதாச்சும் பண்ணிருவனோன்னு பயந்துக்கிட்டு, அவனப் புள்ளகிட்டக் குடுத்துட்டு வெளில போய் உக்காந்துக்குவேன்."

எப்படி அளந்தோம்

புறக்கணிப்புக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அடி ஒரு நாளில் விழுவது, பார்த்தால் தெரியும். சோறு கிடைக்காததும் கவனிப்பு கிடைக்காததும் பல மாதங்களில் சேர்வது. எனவே மூன்று வழியில் அளந்தோம்.

முதல் அளவு வார்டிலேயே நடந்தது. காசநோய், எச்.ஐ.வி., சிறுநீர்த் தொற்று, தைராய்டு எதுவும் இல்லை. எலும்புகளை முழுக்க எக்ஸ்ரே எடுக்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம், பழைய முறிவுகள் இல்லை. ஊட்டச்சத்து மறுவாழ்வு நெறிமுறைப்படி இரண்டு மணிக்கு ஒருமுறை உணவு. 16 நாளில் 7.3-லிருந்து 8.4 கிலோ, அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 9 கிராமுக்கு மேல். வீட்டில் பத்து மாதமாக ஏறாத எடை, வார்டில் இரண்டு வாரத்தில் ஏறினால் குழந்தையின் குடலில் குறை இல்லை என்று அர்த்தம். முதல் வாரம் பையன் தூங்கும்போதும் பிஸ்கட்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். விரலைப் பிரித்தால் விழித்துக்கொள்வான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் குறிப்புப் பகுதியில் எழுதினேன்.

இரண்டாவது, வளர்ச்சிப் படிகள். திருவனந்தபுரத்தில் உருவான 17 படிகள் கொண்ட வளர்ச்சி அட்டவணையில் குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நிறுத்தி வைத்தால் போதும், அதற்கு இடப்பக்கம் இருப்பதையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். இவன் பிடிக்காமல் நடக்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை.

மூன்றாவதுதான் எங்கள் முடிவை மாற்றியது. பிரிட்டனில் 1990-களில் உருவான பராமரிப்புத் தர அளவீடு ஒன்று இருக்கிறது. உடல் பராமரிப்பு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம் கொடுப்பது. 1 என்றால் நல்ல கவனிப்பு, 5 என்றால் மிக மோசம். எங்கள் ஊர் வாழ்க்கைக்குத் தகுந்தபடி கேள்விகளை மாற்றி, வீட்டுக்கும் போய்ப் பார்த்து நிரப்பினோம். உடல் பராமரிப்பு 4. பாதுகாப்பு 5. அன்பு 3. மதிப்பு 3. சாவி கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டி, தலைமாட்டில் ஒட்டியிருந்த இரண்டு பிள்ளைகளின் போட்டோ, பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த தடுப்பூசி அட்டை, இதெல்லாம் எந்த எடையிலும் வராது. மோசமான தாய் என்று மொத்தமாக முத்திரை குத்தியிருப்போம். பிரித்து அளந்ததால்தான் இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரையிலான பன்னிரண்டு மணி நேரம்தான் பெரிய ஓட்டை என்பது தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

சேர்த்த அன்றே காது காயத்தை விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பினேன். சக மருத்துவர் ஒருவர் தடுத்தார். "குடும்பத்தக் கலைச்சிருவாங்க, ரெண்டு புள்ளையும் ஹோமுக்குப் போயிரும். எடைய ஏத்தி அனுப்பிடுவோம்." அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் எடையை ஏற்றி அதே பூட்டிய வீட்டுக்கு அனுப்புவதை நான் ஏற்கெனவே ஒரு சீட்டில் செய்திருந்தேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழைத்தோம். மறுநாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து சமூகப் பணியாளர் வந்தார்.

சட்டம் இரண்டு வழியைக் காட்டுகிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, பொறுப்பில் இருப்பவர் குழந்தையைத் தாக்கினாலோ வேண்டுமென்றே புறக்கணித்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டம், காயப்படுத்துகிற அல்லது புறக்கணிக்கிற ஒருவரோடு வாழும் குழந்தையைக் "கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்று சொல்லி, குழந்தைகள் நலக் குழுவிடம் விடுகிறது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். பதிவோடு (புகார் வந்ததற்கான பதிவு, வழக்கு அல்ல) நின்றது. குழு முன்பு நான் அந்த ஒன்றரைப் பக்கத் தாளையும் நான்கு தரங்களையும் வைத்தேன். தாயின் மனச்சோர்வு குணமாகக்கூடியது, பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது, இரவில் பெரிய ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் ஆபத்தின் பெரும்பகுதி போய்விடும் என்று சொன்னேன்.

குழு இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடமே விட்டது, நிபந்தனையோடு. பிள்ளைகளின் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஊரிலிருந்து வந்து கூட இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எங்களிடம் எடை. மாதம் ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தில் சிகிச்சை. பட்டறை முதலாளியிடம் சமூகப் பணியாளர் பேசி, பகல் ஷிப்டுக்கு மாற்றினார். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் போட்டோம்.

அதன் பிறகு

முதல் ஆறு வாரம் கோடு மேலேயே போனது. பொங்கலுக்கு அம்மாயி ஊருக்குப் போனார், உடனே திரும்பவில்லை. ஜனவரி கடைசியில் இரண்டு வாரத்தில் 300 கிராம் குறைந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. செவிலியர் எடையை எழுதியதுமே என்னைக் கூப்பிட்டார். அன்று மாலையே சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போனார். அம்மா மாத்திரையை நிறுத்தியிருந்தார், தலைசுற்றுகிறது என்று. பகலில் பிள்ளையை மறுபடி அக்காவிடம் விட்டிருந்தார். மருந்தை மாற்றினார்கள். அம்மாயி திரும்பி வந்தார். பத்து மாதம் யாருக்கும் தெரியாமல் நடந்தது, இந்த முறை பதினான்கு நாளில் தெரிந்தது.

அப்பா பிப்ரவரியில் வந்தார். வந்த அன்று வார்டில் வந்து சத்தம் போட்டார், போலீசுக்கு ஏன் சொன்னீர்கள் என்று. எடை அட்டையைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் கோடு படுத்த எடத்துல நான் ராய்ப்பூர்ல இருந்தேங்க" என்றார். இப்போது உள்ளூர் லாரியில் ஓடுகிறார். சம்பளம் குறைவு. நிதி ஆதரவு ஐந்து மாதம் கழித்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் வந்தது.

2024 நவம்பரில் பையனுக்கு 32 மாதம், எடை 11 கிலோ. வளர்ச்சி அட்டவணையில் சாதாரண எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டான். உயரம் குறைவுதான், அது முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது. ஓடுகிறான். இரண்டு சொல் சேர்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறான், பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. அந்த மாதம் ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது வார்டே அதிரும்படி அழுது, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்தக் கல்வியாண்டில் அதுவரை அக்கா போட்டது ஐந்து நாள் லீவுதான். வாசிப்பில் இன்னும் பின்தங்கியிருக்கிறாள். தம்பியை விட்டுவிட்டு விளையாடப் போக அவளுக்கு இப்போதும் மனம் வருவதில்லை என்கிறார் ஆசிரியர். அவளுக்கு நாங்கள் செய்தது போதாது.

எண்ணிக்கையில் இவன் எங்கே

இந்தக் குழந்தைக்காகப் பழைய கணக்கெடுப்புகளைப் புரட்டியபோது ஒன்று உறைத்தது. குழந்தைகள் மீதான வன்முறை பற்றி இந்தியாவின் மிகப்பெரிய அரசு ஆய்வு 2007-இல் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்டது. 13 மாநிலம், 12,447 குழந்தைகள். மூன்றில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகவும், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகவும் அதில் வந்தது. நாடே அதிர்ந்த ஆய்வு அது. ஆனால் அந்த 13 மாநிலத்தில் தமிழ்நாடு இல்லை. கேட்கப்பட்ட குழந்தைகள் 5 வயதுக்கு மேற்பட்டவர்கள். புறக்கணிப்பு என்ற தலைப்பில் பார்த்தது பெண் குழந்தைகள் புறக்கணிக்கப்படுவதை மட்டும். எங்கள் 20 மாத ஆண் குழந்தை மூன்று வகையிலும் அந்தக் கணக்குக்கு வெளியே. குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணிக்கையிலும் இவன் இல்லை, வழக்கே பதிவாகவில்லையே.

அமெரிக்காவில் ஹென்றி கெம்ப்பும் சக மருத்துவர்களும் 71 மருத்துவமனைகளிடமிருந்து தகவல் திரட்டி, ஒரு வருடத்தில் அடிபட்டு வந்த 302 குழந்தைகளின் கணக்கை 1962-இல் வெளியிட்டார்கள். அதுவரை "எங்கோ ஒன்றிரண்டு" என்று இருந்தது அன்று எண்ணாக மாறியது. பேசத் தெரியாத வயதுக் குழந்தையின் பட்டினியை எண்ணாக மாற்ற இன்றைக்கும் அவன் எடையைத் தவிர வேறு சாட்சி அதிகம் இல்லை. அந்த எடையைத்தான் நாம் உத்தேசமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது மாற்றியிருப்பதும், மாற்றாமல் விட்டதும்

ஐந்து வயதுக்குள் யார் எதற்கு வந்தாலும், மருத்துவரைப் பார்க்கும் முன் எடை போட்டாக வேண்டும், அதுவும் தாய்சேய் அட்டையிலேயே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சட்டையைக் கழற்றிக் காதின் பின்பக்கம் உட்பட முழுதாகப் பார்ப்பதும் கட்டாயம். கூட்டம் 150 தாண்டும் நாட்களில் இது நழுவுகிறது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தவணைக்குக் குழந்தை "வரவில்லை" என்று எழுதுவதை நிறுத்திவிட்டு "கூட்டிவரவில்லை" என்று எழுதுகிறோம். 18 மாதக் குழந்தை தானாக வராமல் இருக்க முடியாது. அப்படி இரண்டு முறை எழுத நேர்ந்தால் கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போன் போகிறது.

அங்கன்வாடி டீச்சர்களோடு உட்கார்ந்து ஒரு விஷயம் பேசி முடிவு செய்தோம். பார்க்காத குழந்தைக்கு எடை எழுத வேண்டாம், "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். காலிக் கட்டத்துக்கு மேலிடத்தில் கேள்வி வந்தால் மருத்துவமனை சார்பில் நான் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சமையல்காரம்மாவுக்கும் ஒரு போன் நம்பர் கொடுத்திருக்கிறோம்.

செய்யத் தவறியது முன்பணம். 45,000 ரூபாய்க்கு ஓர் ஆளை இரவு வேலைக்குக் கட்டிப்போடுவது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வருமா என்று கோட்டாட்சியரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். நாங்கள் ஷிப்டை மாற்றியதோடு திருப்திப்பட்டுவிட்டோம். வேலை மாறியது, கடன் அப்படியே இருக்கிறது. இரவில் பிள்ளையை விட இடமும் ஊரில் இல்லை. அங்கன்வாடி மாலைக்குள் பூட்டிவிடும், தறி விடிய விடிய ஓடும்.

அதே லைன் வீட்டில் இரவு ஷிப்டுக்குப் போகும் அம்மாக்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். டீச்சர் போன வாரம் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, அவர்களை எழுப்பி, அந்தக் குழந்தைகளின் எடையை எடுத்து எனக்கு அனுப்பினார். ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்று மூன்று மாதமாக 9.1-லேயே நிற்கிறது, வியாழக்கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம்.